பேன் அக்கா

வேலிக்கு இந்தப் பக்கம் நான். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் ஒரு பிடி கரும்புத் தோகை. வேலிக்கு அந்தப் பக்கம் செசீலி அக்கா, தலைக்குக் குளித்துவிட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கொட்டகை வாசலில், வேலியை ஒட்டி, எங்கள் கன்றுக்குட்டி.

நான் கன்றைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அது சற்றுத் தள்ளி நின்றதால் இழுத்துக் கூப்பிட்டேன்.

"பே...ன் அக்கா."

கன்று அசையவில்லை. செசீலி அக்காவின் சீப்பு நின்றது.

உச்சரிப்பில் பிசகு இருக்கும் என்று எண்ணி, புத்தகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டு, இன்னும் தெளிவாகக் கூப்பிட்டேன்.

"பே...ன் அக்கா."

செசீலி அக்கா எழுந்தாள். ஈர முடியை ஒரே முறுக்கில் கொண்டையாக்கிக்கொண்டு வேலியண்டை வந்தாள்.

"யாருக்குடி பேனு?"

"உங்களச் சொல்லலக்கா. கன்னுக்குட்டியக் கூப்புட்டேன்."

"கன்னுக்குட்டி ஒனக்கு அக்காவா?"

பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை.

ஏன் ஸ்பானிஷ்

பட்டணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களைப் போன வாரம் எழுதினேன். இது அந்தப் பள்ளிக்கு நீண்ட கோடை விடுமுறை விட்டு, நான் உறுவையாற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம்.

விடுமுறைக்கு முந்தின நாள் தலைமை மேர் வகுப்புக்கு வந்தார். கன்னியாஸ்திரீகளை நாங்கள் மேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூன்று செய்திகள் சொன்னார். ஒன்று, அடுத்த வகுப்பு பிரவே என்கிற பிரெஞ்சுச் சான்றிதழ்ப் பரீட்சைக்கான வகுப்பு. அதற்கு பிரெஞ்சோடு இன்னொரு ஐரோப்பிய பாஷையும் வேண்டும். இரண்டு, இங்கிலீஷ் கற்பித்த மேர் உடம்பு சரியில்லாமல் கப்பலேறிவிட்டார். வரப்போகிற மேருக்குத் தெரிந்தது ஸ்பானிஷ். மூன்று, பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொருத்தியும் எழுந்து ஸ்பானிஷில் கொஞ்சமாவது பேச வேண்டும். பேசினவள் மேல் வகுப்புக்கு. பேசாதவள் தையல் கூடத்துக்கு.

தையல் கூடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல்கள், அமைதியான இடம். ஆனால் அங்கே போனவர்கள் யாரும் திரும்பிப் புத்தகத்துக்கு வந்ததில்லை. எனக்கு பிரவே வேண்டியிருந்தது. அது கையில் இருந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் படிப்புக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பெரியம்மா விசாரித்து வைத்திருந்தார்.

அப்பாவுக்கு இது புரியவில்லை. புரியாதது நியாயந்தான். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம், கொல்லையின் மேற்கு வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ராஜ்யம். எங்கள் மாடு வரப்பைத் தாண்டி மேய்ந்தால் அது வெளிநாடு போய் வந்த மாடு. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற பாஷைக்கு வாத்தியார் இல்லை. எந்தத் திசையில் எவ்வளவு நடந்தாலும் கேட்க முடியாத பாஷைக்கு வாத்தியார் கப்பலில் வந்துகொண்டிருந்தார்.

"இங்க யாரு அத பேசறாங்க?" என்றார் அப்பா.

"யாரும் பேசலப்பா."

"அப்ப யாராண்ட பேசிப் பழகுவ?"

அந்தக் கேள்விக்குத்தான் கன்றுக்குட்டி பதில்.

புத்தகத்தில் இருந்தவை

பள்ளியில் ஆளுக்கொரு புத்தகம் இரவல் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பெயின் தேசத்தில் பிரயாணம் செய்யும்போது உதவுவதற்காக எழுதப்பட்டது. எனக்கு எதையும் வகை பிரித்துப் பார்க்கிற பழக்கம் அப்போதே உண்டு. இப்போது மருந்துச் சாலையில் சீசாக்களுக்குச் சீட்டு ஒட்டும்போது அது உதவுகிறது. புத்தகத்தை இப்படிப் பிரித்தேன்.

ஹோட்டலில் சொல்ல வேண்டியவை: க்ஷவரத்துக்கு வெந்நீர் கொண்டு வா. இந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறது. என் தொப்பியைக் காணோம்.

ரயிலில் சொல்ல வேண்டியவை: ஜன்னலை மூடலாமா, சீமாட்டி?

மலைப்பாதையில் சொல்ல வேண்டியவை: கோவேறு கழுதை களைத்துவிட்டது.

இவற்றில் எதையும் உறுவையாற்றில் யாரிடமும் சொல்ல வழியில்லை. கடைசியில், பயணிக்கு எதற்கென்று தெரியாமல், "பண்ணையில்" என்று ஒரு சிறு பகுதி இருந்தது. மாட்டை வா என்பது, போ என்பது, நில் என்பது, குடி என்பது. இது நம் வீட்டுச் சமாசாரம் என்று பிடித்துக்கொண்டேன். கன்றைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமும் உண்டு. தப்பாகச் சொன்னால் அது சிரிக்காது.

க-வை இரட்டித்தது

மனப்பாடத்துக்காக ஸ்பானிஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். தொல்லை இங்கேதான் ஆரம்பம்.

'இங்கே வா' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு சொல். முதல் சொல் வகரத்தில் ஆரம்பிப்பதுபோல எழுதியிருக்கும், ஆனால் பகரமாக உச்சரிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. சரி, 'பென்' என்று எழுதினேன். இரண்டாவது சொல்லின் நடுவில் வருகிற க அழுத்தமான க. தமிழில் ஒற்றைக் க போட்டால் 'அகா' என்று இளகிவிடும். அழுத்தம் வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். இரட்டித்தேன். 'அக்கா' ஆயிற்று.

அதுவரைக்கும்கூட ஆபத்தில்லை. ஆனால் மாட்டைக் கூப்பிடும்போது குறில் எங்கே குறிலாக நிற்கிறது? எனக்குத் தெரேஸ் என்று பெயர் வைத்தவர்களே கொல்லையிலிருந்து கூப்பிடும்போது தெரே...சு என்றுதான் இழுக்கிறார்கள். பென் இழுபட்டுப் பேன் ஆயிற்று.

மற்ற வார்த்தைகளும் யோக்கியமில்லை. 'நட' என்பதற்கு 'அந்தா'. நான் அந்தா என்றதும் அம்மா எதையோ காட்டுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பாள். 'குடி' என்பதற்கு 'பேபே'. தண்ணீர்த் தொட்டியண்டை நின்று கன்றிடம் பேபே, பேபே என்று நான் சொல்வதைப் பார்த்து எங்கள் வீட்டுக் கூலியாள் ஒருவர், நான் பேயைக் கூப்பிடுகிறேன் என்று பயந்து, தொப்பியைக் கழற்றுவதுபோலத் தலைத்துண்டை எடுத்துவிட்டார். 'இந்தா, வாங்கிக்கோ' என்பதற்கு 'தோமா'. எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள், தோமாக்கள் நிறைய. அதை மட்டும் கன்றின் காதோடு சொன்னேன்.

ஓரேமுஸ்

புரியாத பாஷை எனக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் பூசைக்குப் போனால், சாமியார் அடிக்கடி பீடத்தில் நின்று 'ஓரேமுஸ்' என்பார். செபிப்போமாக என்று லத்தீனில் அர்த்தமாம். எனக்கு அது "ஓரமா" என்று கேட்டது. பெண்கள் வரிசையில் இடம் போதவில்லை, அதனால் ஒதுங்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் பணிவாக ஓரத்துக்கு நகருவேன். பூசை முடிகையில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பேன். அம்மா இது என் பக்தி என்று நினைத்து என்னை ஒன்றும் கேட்காமலே விட்டுவிட்டாள்.

அப்போது என் தவறால் யாருக்கும் நஷ்டமில்லை. செசீலி அக்கா விஷயம் அப்படியில்லை.

புகார்

செசீலி அக்கா பாகூர் பக்கத்திலிருந்து அந்த வருஷந்தான் எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். நீண்ட முடி, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் கணவர் அருளப்பன் வில்லியனூர் மேரியில் டவாலிச் சேவகர். மேரி என்றால் எங்கள் பக்கத்தில் கொம்யூன் அலுவலகம்.

முதல் நாள் அம்மா சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் நான் பயிற்சியை நிறுத்தவில்லை. சத்தம் கிணற்றடி வரை கேட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் கிணற்றடிப் பெண்கள் செசீலி அக்காவுக்குப் பேன் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பேன் அக்கா, கவுத்த இப்பிடிக் குடு." "பேன் அக்கா, கொடம் ரொம்பிப் பூட்ச்சு." அவள் முதலில் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். பிறகு புருஷனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, இது நல்லால்ல" என்றார் அருளப்பன். "பூந்த எடத்துல என் பொண்டாட்டி பேரு பேனுன்னு ஆயிப்போச்சு."

"அது எஸ்பாஞோலுப்பா" என்றார் அப்பா. "வான்னு அர்த்தமாம்." எஸ்பாஞோல் என்றால் பிரெஞ்சில் ஸ்பானிஷ்.

"எந்த ஊரு பாஷையில சொன்னாலும் பேனு பேனுதான மாமா" என்றாள் செசீலி அக்கா.

அம்மா என்னைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்து அந்த வரியைக் காட்டினேன்.

"பொஸ்தகத்துல எழுதியிருந்தா ஆச்சா? பொஸ்தகம் என்னைப் பாத்தா கூப்புட்டுது? இவ கூப்புட்டா" என்றாள் செசீலி அக்கா.

"நான் மேரியில பிளேந்த்து எழுதிக் குடுத்துடுவேன்ணே" என்றார் அருளப்பன். பிளேந்த்து என்றால் புகார் மனு.

"எழுது. எந்த பாஷையில எழுதுவ?" என்றார் அப்பா.

"பிரெஞ்சுலதான். வேறெதுல எழுத முடியும்?"

"பேனுக்குப் பிரெஞ்சுல இன்னா?"

அருளப்பன் யோசித்தார். மேரியில் அவர் கேட்ட பிரெஞ்சு வார்த்தைகளில் பேன் வரவில்லை போலும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பூ" என்றேன்.

"இன்னாது?"

"பிரெஞ்சுல பேனுக்குப் பூன்னு பேரு."

அருளப்பன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் இன்னான்னு எழுதறது?" என்றார் அருளப்பன். "என் பொண்டாட்டிய பூ அக்கான்னு கூப்புட்டாங்கன்னா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செசீலி அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எல்லாருக்கும் என்னப் பாத்தா எளப்பமா கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேணாம்மா. வூட்டுக்கு வூடு மூஞ்சில முழிச்சாவணும். தையலு கத்துக்கினாலும் சோறு போடும். ஞாயித்துக்கெழம பூசைக்கு வரும்போது சாமியார ஒரு வார்த்த கேட்டுக்கறேன். அவரும் வேணாம்னா பொஸ்தகத்தக் குடுத்துடு."

கொட்டகையில் விசாரணை

பங்குச் சாமியார் தமிழர், வயதானவர், லத்தீனும் பிரெஞ்சும் நன்றாகத் தெரியும். பூசை முடிந்து அப்பா சொன்னதை நின்றபடியே கேட்டார். புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார்.

"அர்த்தம் வான்னுதான் போட்டிருக்கு" என்றார். "ஆனா செசீலி கேக்கறதும் நியாயம். கன்ன கூப்புட்டாளா, அவளக் கூப்புட்டாளா? கன்னுக்கு இந்த வார்த்த பழகியிருந்தா கன்னு வரும். வந்தா பொண்ணு படிக்கட்டும். வரலன்னா விட்டுடட்டும்."

கன்று இதுவரை ஒரு முறைகூட வந்ததில்லை.

எல்லாரும் கொட்டகைக்கு வந்தோம். சாமியாருக்கு அப்பா ஒரு முக்காலி போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அருளப்பன் கைகட்டி நின்றார். செசீலி அக்கா வாசலில் காயவைத்த புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே இருந்தாள்.

"கூப்புடும்மா" என்றார் சாமியார்.

கூப்பிட்டேன். கன்று சாமியாரின் வெள்ளை அங்கியைப் பார்த்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அது நிதானமாக நடந்துபோய் அங்கியின் நுனியை வாயில் எடுத்துச் சுவைக்க ஆரம்பித்தது.

"என்னாண்ட வந்துடுச்சே" என்றார் சாமியார், அங்கியை இழுத்தபடி. "இது கணக்குல சேராது. இன்னொரு தரம் கூப்புடு. நல்லாக் கூப்புடு."

தையல் கூடத்தின் பெரிய ஜன்னல்கள் என் கண்ணில் தெரிந்தன. மூச்சை இழுத்து, தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"பே...ன் அக்கா..."

"தோ வரேன், இரு" என்றாள் செசீலி அக்கா. நெல்லை விட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராக வேலியண்டை வந்து நின்றாள். "இன்னாடி?"

கன்று இன்னும் அங்கியை மென்றுகொண்டிருந்தது.

"வான்னு அர்த்தம்னு எழுதியிருக்கு" என்றார் சாமியார் மெதுவாக. "வந்துட்டா. வார்த்த சரியாத்தான் வேல செய்யுது."

செசீலி அக்காவுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அந்தக் கெணத்தடி பொம்பளைங்க கூப்ட்டுக் கூப்ட்டு எனக்கே பழகிப் பூட்ச்சு சாமி."

"அப்ப படிக்கலாமா?" என்றார் அப்பா, அவளைப் பார்த்து.

"படிக்கட்டும் மாமா. ஆனா என் வேலியாண்ட வேணாம். எங்கனா தூரமா போயி படிக்கட்டும். நெல்லு வேல கெடக்குது, நான் எத்தினி தரம் வருவேன்?"

வெளிநாட்டுக்குக் கேட்கிற குரலில்

மீதி விடுமுறைக்கு நான் மேற்கு வரப்பில் நின்று, இங்கிலீஷ்காரன் ராஜ்யத்தைப் பார்த்து ஸ்பானிஷ் பேசினேன். அங்கே மணிலாக்கொட்டைக் கொல்லையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, யாரக் கூப்புடற?"

"யாரையும் இல்ல மாமா."

"அந்தான்னியே, எங்க?"

"எங்கயும் இல்ல மாமா."

அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, தம் தேசத்துக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்க் களை எடுக்க ஆரம்பித்தார்.

பள்ளி திறந்த நாள்

புது மேர் குட்டையாக, காற்றில் அடிபட்ட கன்னங்களோடு இருந்தார். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மலைக் கிராமத்தில் பிறந்தவராம். பெஞ்சுகளின் நடுவே வேகமாக நடந்தபடியே ஒவ்வொருத்தியையும் எழுப்பினார்.

முதல் பெண் க்ஷவரத்துக்கு வெந்நீர் கேட்டாள். மேர் தலையாட்டினார். அடுத்தவள் கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று புகார் செய்தாள். ஒருத்தி தொப்பியைத் தொலைத்திருந்தாள். ஒருத்தி ஜன்னலை மூடலாமா என்று கேட்க, இன்னொருத்தி நிஜமாகவே எழுந்துபோய் மூடிவிட்டாள். எனக்கு முன்னால் இருந்த ரொசாலி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளைத் தையல் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தன் சிலேட்டை எடுத்துக்கொண்டு போன சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

என் முறை. திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து நீட்டியபடி எழுந்து நின்றேன். மேர் என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். ஓடுகிற தண்ணீர்போல இருந்தது. ஒரு வார்த்தையும் கையில் நிற்கவில்லை. ஹோட்டல் முழுவதையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பண்ணை.

"இங்கே வா" என்றேன் மேரைப் பார்த்து, ஸ்பானிஷில்.

மேர் புருவத்தை உயர்த்திக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"நட. இந்தா. குடி." அவர் மிக அருகில் வந்துவிட்டார். பயத்தில் கடைசி வார்த்தையையும் சொன்னேன். "நில்."

மேர் நின்றுவிட்டார்.

"யாரோடு பேசிப் பழகினாய்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"கன்றுக்குட்டியோடு, மேர்."

வகுப்பு சிரித்தது. மேர் சிரிக்கவில்லை.

"தெரிகிறது. மாட்டோடு பேசுகிறவள் மாதிரியே பேசுகிறாய். ஆனால் பயப்படாமல் பேசுகிறாய். மனிதர்களிடம் பேசுவதற்கு வருஷம் முழுவதும் இருக்கிறது." பிறகு ஸ்பானிஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். என் காதில் அது தெளிவான தமிழாக விழுந்தது.

"சீ, ஏந்தாதே."

கையை ஏந்திக்கொண்டு நிற்பது மரியாதையில்லை போலும் என்று, வெடுக்கென்று புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டேன்.

"சீ, ஏந்தாதே" என்றார் மறுபடியும், கொஞ்சம் அழுத்தி.

கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. வகுப்பிலிருந்து அனுப்பப் போகிறார், அதற்கு முன் திட்டுகிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மேர் என் இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தி, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். உட்கார் என்பதற்குத்தான் அந்த வார்த்தையாம். எனக்கு எப்படித் தெரியும்? மாட்டை யாரும் உட்காரச் சொல்வதில்லை.

எழுந்திரு என்பதற்கும் ஸ்பானிஷில் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. ஆகையால் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.